கடைசியாக வந்த நல்ல எண்

என் மனைவி கேபிளில் தடுக்கி விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கேபிள் என்னுடையது. அவளுடைய கட்டிலருகே இருந்த கருவியில் தொடங்கி, கதவடியால் ஊர்ந்து, நடைவழியைக் கடந்து, ஹோலில் இருந்த என் கணினிக்கு வந்தது. ஆட்கள் நடக்கும் இடத்தில் கேபிள் போட்டால் மஞ்சள் கறுப்பு நாடாவால் நிலத்தோடு ஒட்டவேண்டும் என்பது விதி. மஞ்சள் கறுப்பு நாடாவே வாங்கி ஒட்டியிருந்தேன். அவள் ஒட்சிசன் குழாயை இழுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனபோது அந்த நாடாவின் ஓரம் செருப்பில் மாட்டிவிட்டது. முழங்கால் மட்டும்தான் உரசியது. நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன்.

"பொறுங்கோ," என்றாள் நிலத்தில் இருந்தபடியே, மூச்சு வாங்கிக்கொண்டு. "எல்லாம் விதிப்படிதான் விழுந்திருக்கிறன்."

நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில், தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில். 'நாங்கள்' என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. நான் ஓர் அரச பரிசோதனைக் கூடத்தில் முப்பத்திரண்டு வருடம் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவன். தராசுகள், வெப்பமானிகள், அமிலம் அளக்கும் கருவிகள் எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்து, சரிபார்த்து, கையெழுத்திட்டு, சரிபார்க்காமலே போட்ட சோம்பேறிகளின் கையெழுத்துகளைக் கண்டுபிடித்து மேலிடத்துக்கு அனுப்பியவன். அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது. என்னவென்று எனக்குத் தெரியாது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

மனைவிக்கு வந்தது நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் வியாதி. இறுகியது திரும்ப இளகாது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, ஒட்சிசன் இயந்திரம் ஒன்றோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இரத்தத்தில் ஒட்சிசன் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் உடனே கொண்டு வாருங்கள், அதுவரை வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். தெளிவான அறிவுறுத்தல். எனக்குப் பிடித்திருந்தது.

அவள் கேட்டது வேறு. ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்த ஒரு வயதான பெண் திரைக்குப் பின்னால் யாரும் இல்லாமல் செத்துப் போனாள். தேநீர் கொண்டு வந்த ஆள்தான் முதலில் கண்டது. வீட்டுக்கு வரும் வழியில், ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு, வெளியே பார்த்தபடி மனைவி சொன்னாள்:

"நான் சாகிறதைப் பற்றிப் பெரிசா ஒண்டும் இல்லை. தனியச் சாகக்கூடாது. அவ்வளவுதான். அதை மட்டும் பாருங்கோ."

பார்க்கிறேன் என்றேன். எனக்குப் பார்ப்பது என்றால் அளப்பது.

அடுத்த வாரமே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே பழைய ஆஸ்பத்திரிச் சாமான்கள் விற்கும் ஒரு கடையை எனக்கு வேலைக் காலத்திலிருந்தே தெரியும். கட்டில்கள், சக்கர நாற்காலிகள், எந்த நாட்டிலோ உதவாது என்று கழித்துவிட்ட இயந்திரங்கள் எல்லாம் கூரை வரை அடுக்கியிருக்கும். கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர், என்னை எப்போதும் சந்தேகத்தோடு வரவேற்பவர். விரலில் கவ்வி ஒட்சிசன் அளக்கும் கருவி ஒன்றையும், ஒரு மணிக்கொரு தடவை தானாகவே இரத்த அழுத்தம் எடுக்கும் கருவி ஒன்றையும் தெரிந்தெடுத்தேன். இரண்டின் முதுகிலும் கணினியோடு இணைக்கும் ஒன்பது ஊசித் துளை இருந்தது. விரலில் மாட்டும் சின்னது ஒன்று எந்த பார்மசியிலும் கிடைக்கும். ஆனால் அது எதையும் யாருக்கும் சொல்லாது, பதிவும் வைக்காது.

"சேர், ஒண்டு சொல்லணும்," என்றார் முதலாளி. "இந்த விரல்ல போடுறது அளக்கும், நம்பரும் காட்டும். சத்தம் மட்டும் வராது. உள்ளுக்கு ஸ்பீக்கர் செத்துப் போச்சு."

பரவாயில்லை, சத்தம் போடும் வேலையை என் கணினி பார்த்துக்கொள்ளும் என்றேன். குறைபாட்டை விற்கும் முன்பே சொல்லிவிட்ட அந்த மனிதரைப் பாராட்டவும் செய்தேன்.

கணினியை முதலில் படுக்கையறையிலேயே வைத்தேன். அதன் விசிறி இரையும். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, அந்த மாட்டை வெளியே கட்டுங்கள் என்று மனைவி சொன்னாள். ஆகவே ஹோல், ஆகவே கேபிள், ஆகவே செவ்வாய்க்கிழமை.

விழுந்த மறுநாளே கம்பியில்லா அடாப்டர்கள் இரண்டு வரவழைத்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. கருவியின் முதுகில் செருகிவிட்டால், கேபிளில் போக வேண்டிய எண்களைக் காற்றில் அனுப்பும். பெட்டியில் ஒரே ஒரு தாள், அதில் முக்கால்வாசி எச்சரிக்கை. எனக்குத் தாள் தேவைப்படவில்லை. கருவி எந்த வேகத்தில் பேசுகிறதோ அதே வேகத்தை அடாப்டருக்கும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரையில் குப்பை வரும். கணினியோடு அதைச் சோடி சேர்க்க ஓர் இரகசிய எண், உலகம் முழுவதும் ஒரே இரகசிய எண். சோடி சேர்ந்ததும் கணினி ஒவ்வொரு அடாப்டருக்கும் இரண்டு வாசல் காட்டும்: ஒன்று கணினி தானே அழைப்பதற்கு, மற்றது அழைப்பு வரும் என்று காத்திருப்பதற்கு. புதியவர்கள் எல்லாரும் இரண்டாவதைத் தெரிவு செய்துவிட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். பிழை என்றுகூட அது சொல்லாது. சும்மா காத்திருக்கும்.

இத்தனையும் தெரிந்த நான் இரண்டு அடாப்டரையும் மாற்றிச் செருகிவிட்டேன். இரண்டுக்கும் கம்பனி ஒரே பெயரைக் கொடுத்திருந்தது. ஒட்சிசன் நூற்று நாற்பத்திரண்டு என்று திரை காட்டியது. ஹோலிலிருந்து அதை உரத்து வாசித்தேன். "அப்ப எனக்கு ஒட்சிசன் கூடிப்போச்சு," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது, "கொஞ்சத்தைக் கீழ்வீட்டுக்குக் குடுங்கோ." பிறகு ஒன்று, இரண்டு என்று ஒட்டுத்தாள் ஒட்டினேன். இரண்டு அடாப்டருக்குமான மின்சாரத்தை அவளுடைய தலைமாட்டில் இருந்த ஒரே சுவிச்சிலிருந்து எடுத்தேன். அளக்கும் கருவிகளுக்கும் ஒட்சிசன் இயந்திரத்துக்கும் வேறு சுவிச். அடாப்டரில் ஒரு நீல லைட் மினுங்கும். கணினியோடு தொடர்பு இருந்தால் மினுங்காமல் நின்று எரியும்.

முதல் நாளே மூன்றேகாலுக்குத் தொடர்பு அறுந்தது. எண் வராவிட்டால் கணினி அலற வேண்டும் என்று நான்தான் புரோகிராம் எழுதியிருந்தேன். அது அலறியது. நான் நடைவழியில் ஓடிய ஓட்டத்தை மனைவி பிறகு பல தடவை நடித்துக் காட்டினாள், மூச்சு இடம் கொடுத்த அளவுக்கு. காரணம் இரும்பு அலுமாரி. அடாப்டர் அதற்குப் பின்னால் மறைந்திருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதை இடம் மாற்றி, மறுபடி சோடி சேர்த்து, எண் வருகிறதா என்று பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம் போனது. அந்த முக்கால் மணி நேரமும் அவள் கதைத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கல்யாணமான புதிதில் கல்கிசையில் வாடகைக்கு இருந்த அறையைப் பற்றி, அந்த வீட்டுக்காரி குளியலறைத் தண்ணீரை நிறுத்துவதைப் பற்றி, நான் வீட்டுக்காரிக்கு எழுதிய முறைப்பாட்டுக் கடிதத்துக்கு இலக்கம் போட்டிருந்ததைப் பற்றி. சிரித்துச் சிரித்து இருமினாள்.

அந்த வாரத்தில் இன்னும் மூன்று தடவை தொடர்பு அறுந்தது. மூன்று தடவையும் ஓடினேன். மூன்று தடவையும் நான் போய்ச் சேரும்போது லைட் மினுங்கிக்கொண்டிருந்தது, குறை ஒன்றும் தெரியவில்லை. மூன்றும் பிற்பகல் மூன்று மணிக்கும் நாலு மணிக்கும் இடையில். பதிவேட்டில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதுவது எனக்குப் பிடிக்காத காரியம். கரையோர ரயிலைச் சந்தேகித்தேன். கீழ்வீட்டு மைக்ரோவேவைச் சந்தேகித்தேன். கீழே போய் எத்தனை மணிக்குச் சமைப்பீர்கள் என்றுகூடக் கேட்டேன். அந்த வீட்டு சிங்களப் பெண்மணி, பாவம், எங்களுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை என்று நினைத்து, அன்று மாலை ஒரு கிண்ணத்தில் பால்சோறு கொண்டு வந்து தந்தாள்.

ஆனால் அந்த வாரப் பதிவில் வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. நான் அறைக்குள் போய் உட்கார்ந்த ஒவ்வொரு தடவையும் அவளுடைய எண் மூன்று, நாலு புள்ளி இறங்கியிருந்தது. தொண்ணூற்று நாலில் இருந்தவள் தொண்ணூறுக்கு வந்திருந்தாள். கதைத்தால் இறங்குகிறது, சிரித்தால் இன்னும் இறங்குகிறது. கோட்டுப் படம் வரைந்து, அச்சிட்டு, எடுத்துக்கொண்டு போனேன்.

"கொஞ்சம் இருங்கோவன்," என்றாள் அன்றைக்கு, நான் தாளை நீட்ட முன்பே.

படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினேன். இந்தப் பள்ளங்கள் நான் வந்து இருந்த நேரங்கள். எண்பத்தெட்டுக்கும் இதற்கும் இடையில் இரண்டே புள்ளி. பிறகு ஆஸ்பத்திரிதான், கட்டிலைச் சுற்றிய அந்தத் திரைதான். ஆகவே பிற்பகலில் நீர் கதைக்காமல் ஓய்வெடுக்க வேண்டும். நான் ஹோலில் இருந்து ஒரு கணமும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் படத்தை வாங்கி, கண்ணாடி போட்டு, நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்கள் வந்து இருந்தா எனக்குக் கூடாது எண்டு போட்டிருக்குது," என்றாள். "சரி. கருவி சொன்னாச் சரிதானே."

அதற்குப் பிறகு என்னை இருக்கச் சொல்லி அவள் கேட்கவில்லை.

மிச்சம் இருந்தது அந்தப் பொய் அலறல். அதையும் திருத்தினேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு விதி உண்டு: ஓர் அளவீடு வராமல் போனால், அடுத்தது வரும்வரை கடைசியாக வந்த நல்ல எண்ணை வைத்துக்கொள். அழுத்தக் கருவிக்கு ஏற்கெனவே அப்படித்தான் எழுதியிருந்தேன், அது மணிக்கொரு தடவைதானே எண் தருகிறது. அதே நாலு வரியை ஒட்சிசனுக்கும் எழுதினேன். தொடர்பு அறுந்தால் கணினி இனிச் சத்தம் போடாது. கடைசி எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கொரு தடவை தானாகவே மறுபடி அழைத்துப் பார்க்கும். பிடித்து வைத்த எண் எது, உண்மையில் வந்த எண் எது என்று பிரித்தறிய, பதிவுக் கோப்பில் பிடித்து வைத்ததற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. திரையில் குறி இல்லை. திரை துப்புரவாக இருக்க வேண்டும். விதி கோப்பில் காப்பாற்றப்பட்டது. கோப்பை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பது வேலைக் காலம் முழுவதும் நான் மற்றவர்கள்மேல் சொன்ன குற்றச்சாட்டு.

அதோடு வீடு அமைதியாகிவிட்டது. நான் பெருமைப்பட்டேன்.

உதவிக்கு ஒரு பெண் வந்து போவாள். மலையகத்துக்காரி, ஐம்பது வயதிருக்கும், கிருலப்பனையில் இருக்கிறாள். காலையில் வந்து மனைவியைக் குளிப்பாட்டி, சமைத்து, மூன்று மணிக்குப் போய்விடுவாள். ஞாயிறும், பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களும் லீவு. அவள் போன பிறகு நாலு மணிவரை நான் திரைக்கு முன்னால். நாலு மணிக்கு இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்டீயோடு அறைக்குள் போவேன். அப்போதெல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இருக்கும். சாப்பாட்டு மேசைக் கதிரை. நடைவழியில் ஒருமுறை விழுந்தவளுக்குக் கட்டிலடியில் கதிரை ஆபத்து என்று சொல்லி, தினமும் அதைத் தூக்கிக்கொண்டுபோய் மேசையடியில் வைப்பேன். மறுநாள் திரும்ப அங்கே இருக்கும். உதவிக்காரியைக் கேட்டபோது, அம்மாதான் போடச் சொன்னாங்க என்றாள். மனைவியைக் கேட்டபோது, "கதிரை ஒண்டும் மூச்சை இழுக்காது," என்றாள். நான் எடுத்துக்கொண்டு போனேன்.

அப்படி ஒரு மாதத்துக்கு மேல் போனது.

அன்று மழைக்குணம். மூன்று மணி தாண்டி ஒரு ரயில் போனது. கடல் சத்தமும் அதுவும் ஒன்றாகக் கேட்டது. திரையில் தொண்ணூற்று மூன்று. நல்ல எண். நான் ஒரு கணமும் கண்ணெடுக்கவில்லை என்பதை யார் முன்னாலும் சத்தியம் செய்வேன். தொண்ணூற்று மூன்றைப் பார்த்தபடி இருந்தேன். நாலு மணிக்குச் சற்று முன் எழுந்து கேத்தலை வைத்தேன். இஞ்சியைத் தட்டினேன். பிளேன்டீயை எடுத்துக்கொண்டு போனேன்.

அவள் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். ஒரு கை கதிரையின் இருக்கைமேல் இருந்தது. கை குளிர்ந்திருந்தது. விரலில் கவ்வி அப்படியே இருந்தது; கருவியின் சின்னக் கண்ணாடியில் எண் இல்லை, இரண்டு கோடு மட்டும். கருவி பொய் சொல்லவில்லை. எத்தனை நேரமாகவோ உண்மையைச் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. டொக்டருக்குப் போன் எடுக்க ஹோலுக்கு ஓடி வந்தேன். திரையில் இன்னும் தொண்ணூற்று மூன்று இருந்தது.

திடீரென்று வந்திருக்கும், கொண்டு வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று டொக்டர் சொன்னார். எல்லாரும் அதைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். மகள் வெளிநாட்டிலிருந்து வந்தாள், முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்ததும் அழுதுகொண்டு திரும்பிப் போனாள். அவள் போன பிறகுதான் கோப்பைத் திறந்தேன். விபத்து நடந்தால் அறிக்கை எழுத வேண்டும். எத்தனை மணிக்கு என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அன்றைய பக்கத்தில் மூன்று பத்திலிருந்து நட்சத்திரம். அதற்கு மேல் முடிவுவரை நட்சத்திரம்தான். தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று மூன்று. உயிருள்ள உடம்பு இரண்டு நிமிடம் ஒரே எண்ணில் நிற்காது. நேர்கோட்டைக் கண்டால் முதலில் கருவியைச் சந்தேகி என்று எத்தனை பயிலுநர்களுக்குப் படிப்பித்தவன் நான்.

அதற்கு முந்தின நாள் பக்கத்துக்குத் திருப்பினேன். அங்கும் மூன்று மணியிலிருந்து நட்சத்திரம், நாலுக்குச் சற்று முன்வரை. அதற்கும் முந்தின நாளும். நான் புரோகிராமைத் திருத்திய மறுநாளில் தொடங்கி, ஒரு நாள் விடாமல். இல்லை, விட்ட நாட்கள் இருந்தன: ஞாயிறும் போயாவும். உதவிக்காரி வராத நாட்கள்.

கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். போகும் நேரத்தில் அந்தச் சுவிச்சில் தன் போனைச் சார்ஜ் போட்டிருக்கிறாள். அடாப்டரைக் கழற்றிவிட்டு, திரும்பச் செருக மறந்திருக்கிறாள். அது தானாக எப்படி நாலு மணிக்குத் திரும்பி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. கோப்பை அச்சிட்டு, நட்சத்திரங்களைச் சிவப்பால் வட்டமிட்டு, அவளை வரச் சொல்லி ஆளனுப்பினேன்.

வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தாள்களைக் காட்டி, மூன்று மணிக்கு அந்தச் சுவிச்சை யார் நிறுத்தியது என்று கேட்டேன்.

"அம்மாதான் சேர்," என்றாள்.

தாள்களை அவள் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினேன்.

"நான் போகக்குள்ள கதிரைய இழுத்துப் போடச் சொல்லுவாங்க. தலைய சீவிவிடச் சொல்லுவாங்க. பொறகு கைய நீட்டி அவங்களே சுவிச்ச நிப்பாட்டுவாங்க. 'இப்ப பாரு, அந்த லைட்டு செத்துச்சுன்னா ஐயா விழுந்தடிச்சு ஓடி வருவாரு'ன்னு சிரிப்பாங்க. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாங்க. நாலு மணிக்கு நீங்க டீ போடுற சத்தம் கேட்டா திரும்பப் போட்டுருவாங்களாம்."

ஞாயிறும் போயாவும் அவள் வராத நாட்கள். அந்த நாட்களில் சாப்பாடு கொடுக்க, துடைக்க, மருந்து எடுக்க நானே பகல் முழுவதும் அறைக்குள் இருந்தேன். சுவிச்சுக்குத் தேவை இருக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று நான் எழுதிய அந்த மூன்றுக்கும் இப்போது காரணம் தெரிந்தது. அந்த மூன்றுக்கு நான் ஓடிப் போனேன். பிறகு குறையைத் திருத்திவிட்டேன்.

உதவிக்காரி என் முகத்தைப் பார்த்து, வேறெதையோ விளங்கிக்கொண்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"கவலப்படாதீங்க சேர். மறுநா வந்ததும் நான் கேப்பேன், ஐயா வந்தாராம்மான்னு. வந்தாருன்னுதான் சொல்லுவாங்க. ஓடி வந்து, இந்தக் கதிரையில ஒக்காந்து, நாலு மணி மட்டும் கதச்சுக்கிட்டு இருந்தாருன்னு. என்னென்ன கதச்சீங்கன்னு எல்லாம் சொல்லுவாங்க. கல்கிசையில இருந்த ரூம், அந்த வீட்டுக்காரம்மா. தெனமும் சேர். எங்க வீட்டு ஆளு ஒரு நா அப்பிடி ஒக்காந்ததில்ல."

கேத்தல், மேசை, அச்சிட்ட தாள்கள், சிவப்பு வட்டங்கள். எதைப் பார்ப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்தேன்.

"கடைசி நாளும் வந்து பக்கத்துல இருந்தீங்கதானே சேர்?"

என் கையெழுத்துக்குக் கீழே பிழையான பதிவு ஒன்று இருந்ததாக என் சேவைக் காலத்தில் யாரும் காட்டியதில்லை.

"ஓம்," என்றேன். "இருந்தனான்."

"குடுத்து வச்சவங்க," என்றாள் அவள். தாள்களை மேசையில் ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, எனக்கு பிளேன்டீ ஊற்றக் குசினிக்குப் போனாள்.